பிடியை ஆட்டிப் பார்

மகனே, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ மலைக் கொல்லையில் இருந்தால், முதலில் அந்தக் கத்தியைக் கீழே வை. சரண்யாவையும் கூப்பிட்டு நிழலில் உட்காரச் சொல். பிறகு படி. நாளை சனிக்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன். நேற்று மத்தியானம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது உன் போட்டோ வந்தது. கரண்டியைக் குண்டானிலேயே விட்டுவிட்டு உன் நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சரண்யா நம்பரும் அப்படியே. பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் நீ சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வந்து, "இன்னாம்மா, இத்தினி வாட்டி அடிச்சிருக்க? அப்பாவுக்கு ஒண்ணுமில்லியே?" என்று கேட்டாய். கத்தியைப் பற்றிச் சொல்லத்தான் அடித்தேன், சொல்லவில்லை. "சாப்டியா? சரண்யா சாப்டுச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நீ சந்தோஷமாகத்தான் அந்தப் போட்டோவை அனுப்பினாய். கல்யாணம் முடிந்து மூன்று மாதம். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, உண்ணிச்செடி மூடிக் கிடக்கும் நம்முடைய இரண்டு ஏக்கரையும் இந்த மழைக்குள் திருத்திச் சாமை விதைக்க வேண்டும் என்று புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறியிருக்கிறாய். எனக்குப் பெருமைதான். போட்டோவில் நீ ஆன்லைனில் வரவழைத்த புதுக் கத்தியைத் தலைக்கு மேலே ஓங்கிக்கொண்டு சிரிக்கிறாய். கறுப்பு இரும்பு, பச்சை பிளாஸ்டிக் பிடி, முதுகில் ரம்பம் மாதிரி பல். காலில் ரப்பர் செருப்பு. உனக்கு எதிரே இரண்டு முழத் தூரத்தில் சரண்யா குனிந்து, நீ வெட்ட வசதியாக ஒரு புதரை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே, "எப்டி இருக்கு கத்தி? பாத்து சொல்லும்மா" என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தில் நான் சரண்யாவின் கழுத்தைத்தான் பார்த்தேன். பிறகு அவள் கையை. பிறகு உன் கத்தி சுற்றி வரும் வழியை விரலால் போனின் மேல் வரைந்து பார்த்தேன். மூன்று தடவை வரைந்தேன். மூன்று தடவையும் அது அவள்மேல்தான் போய் முடிந்தது.

உன் அப்பாவின் கால் எப்படிப் போயிற்று என்று உனக்கு நாங்கள் சொன்னது உண்மை இல்லை. அப்போது நீ பதினொன்றாம் வகுப்பு, சங்கராபுரத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். புதர் வெட்டும்போது அப்பா வழுக்கி விழுந்து தன் கத்தியாலேயே குதிகாலுக்கு மேலே வெட்டிக்கொண்டார் என்று சொன்னோம். ஊருக்கும் அதையே சொன்னோம். அப்பா வழுக்கி விழவில்லை. அவர் கையில் கத்தியே இல்லை. வெட்டிக்கொண்டிருந்தது நான். பொறுத்துக்கொண்டு படி.

அந்த வருஷம் அப்பா கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டு இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியிருந்தார். அதற்குள் கொல்லை முழுக்க உண்ணிச்செடி. வீட்டில் இருந்த கொடுவாள் தேய்ந்து, வாய் உடைந்து, விறகு பிளக்கக்கூட உதவாமல் கிடந்தது. எனக்கு அங்கன்வாடி மாதக் கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சி போக வேண்டியிருந்தது. அப்பா காலையிலேயே சொல்லி அனுப்பினார். "சந்தைக்குப் பின்னால இருக்குற நம்ம பட்டறையில வாங்கு. வேற எங்கயும் வாங்காத. பிடியப் புடிச்சி நல்லா ஆட்டிப் பாரு. இரும்பு பிடியோட அடி வரைக்கும் போயிருக்கான்னு கேளு." மலையில் எல்லோரும் அந்த ஒரு பட்டறையில்தான் கொடுவாள் வாங்குவார்கள். ஆனால் கூட்டம் முடியவே நேரமாகிவிட்டது. பட்டறைக்குப் போய்வந்தால் மலைக்குப் போகும் பஸ் போய்விடும். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு வடநாட்டுக்காரர் கோணியை விரித்து, சீப்பு, டார்ச், பூட்டு இவற்றோடு கத்திகளையும் பரப்பி வைத்திருந்தார். பளபள என்று இருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த பிடி. ஒன்றை எடுத்துக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆட்டிப் பார்க்கவில்லை. எதையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாது, பெயின்ட்லாம் அடிச்சிருக்கான்? பட்டறையிலதான வாங்கின?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார். அந்தத் திட்டுக்குப் பயந்து ஒரு "ஆமா" சொன்னேன்.

இரண்டு நாள் ஒழுங்காகத்தான் வெட்டியது. மூன்றாம் நாள் கடைசியில் அப்பாவிடம் இருந்து நான் வாங்கி வெட்டியபோது, ஓங்கும்போதெல்லாம் கைக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிடிக்குள் இரும்பு ஆடுகிற சத்தம். எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. அன்று சாயங்காலம் அப்பா பார்க்காதபோது அதைத் தண்ணீர் வாளியில் தலைகீழாக ஊறப்போட்டேன். மரம் ஊறி உப்பினால் இறுகிவிடும் என்று எல்லோரும் செய்வதுதான். காலையில் இறுக்கமாக இருந்தது. வெயில் ஏற ஏற மரம் காயும், காய்ந்தால் முன்னைவிட அதிகமாகச் சுருங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அன்று அப்பாவின் உள்ளங்கை கொப்புளம் போட்டிருந்தது. "நீ இழுத்துப் போடு, நான் வெட்டறேன்" என்று நானே கத்தியை வாங்கிக்கொண்டேன். பதினோரு மணி இருக்கும். மறுபடி அந்த 'டக்' கேட்டது. "இந்தப் புதர் முடியட்டும், சொல்லிக்கலாம்" என்று நினைத்தேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டின கிளையை இழுத்துக்கொண்டு நாலு அடி நடந்திருப்பார். நான் ஓங்கி வீசினேன். கை லேசாகிவிட்டது. அந்த லேசை என்னால் உனக்கு விளக்க முடியாது. பளு தூக்கிக்கொண்டு போகிறவன் தலையில் இருந்து திடீரென்று மூட்டையை எடுத்துவிட்டால் எப்படியோ, அப்படி. கையில் சிவப்புப் பிடி மட்டும் இருந்தது.

அப்பா கத்தவில்லை. "என்னமோ கடிச்சிருச்சி" என்று திரும்பிப் பார்த்தார். காலை ஊன்றப் பார்த்தார், பாதம் துணி மாதிரி மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். கட்டக் கட்ட நனைந்தது. பக்கத்துக் கொல்லைச் சின்னையன் நான் போட்ட சத்தத்தில் ஓடிவந்தார். அவருடைய பைக்கில் நடுவில் அப்பா, பின்னால் நான், அப்பாவின் காலைப் பின்பக்கம் மடக்கி என் மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வெள்ளிமலை வரை போனோம். அங்கே கட்டுப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மலை இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாயும். ஒவ்வொரு தடவையும் போய்விட்டாரோ என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் வந்தபோது கண் திறந்தார். "நீ வெட்டனன்னு யாராண்டயும் சொல்லாத. நானே வழுக்கி வுழுந்து வெட்டிக்கினேன்னு சொல்லு. வெட்டுக்காயம்னா போலீசு வரும். உன்ன இழுத்துக்கினு போவாங்க. புள்ளைக்கும் தெரிய வேணாம்" என்றார். தன் கால் போனதை விட்டுவிட்டு அந்த மனுஷன் என் வேலையையும் உன் மனசையும் யோசித்தார். நான் தலையாட்டினேன். ஆக, வழுக்கி விழுந்தார் என்ற பொய் அவருடையது. பட்டறையில் வாங்கினேன் என்ற பொய் என்னுடையது. பிடி ஆடியது எனக்கு முதல் நாளே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நேற்று வரைக்கும் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இதை என்னோடு வைத்துக்கொண்டே செத்திருப்பேன். மூன்று மாதம் கழித்து, நரம்பு சரியாகக் கூடாத காலோடு அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், அந்த இரும்பை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும் என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். ஆசாரி இரும்பை வாங்கிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். "இது என் கை வேலை இல்லீங்க. தகட்ட வெட்டி மெருகு போட்டது. பாருங்க, பிடிக்குள்ள போற வாலு ஒரு விரக்கட நீளம்கூட இல்ல. நான் பிடியோட அடி வரைக்கும் வுட்டு மடிச்சி அடிப்பேன்" என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பொண்டாட்டி உன்னாண்டதான் வாங்கினேன்னு சொல்றா. அவ இன்னா பொய் சொல்றாளா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகனே, அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்பை ஊன்றிக்கொண்டு, என்னை நம்பி, ஊரான் ஒருவரோடு சண்டை போடுகிற மனுஷன் முன்னால், "ஆமா, பொய்தான்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் என்னை விட்டுவிடுவார் என்று பயந்தேன். விடாவிட்டாலும் அதற்கப்புறம் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று பயந்தேன்.

அப்பா மலைக்குத் திரும்பி, கோயில் புளியமரத்தடியில் நின்று எல்லோரிடமும் சொன்னார். அந்தப் பட்டறையில் இப்போது நல்ல வேலை இல்லை, காலைக் காவு கேட்கிற கத்தி செய்கிறான் என்று. அவர் காலைப் பார்த்தவர்கள் நம்பினார்கள். பிறகு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்க முடியாமல் நாம் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டோம். எனக்கு மாற்றல் கிடைத்தது, அவருக்கு ரைஸ் மில்லில் உட்கார்ந்து எடை போடும் வேலை கிடைத்தது. இந்தப் பதினோரு வருஷமும் நான் அந்தப் பட்டறைத் தெருவில் கால் வைத்ததில்லை. காய்கறி வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன். நீ லீவுக்கு வரும்போது, "ஏம்மா இந்த வழியா போலாமில்ல?" என்று கேட்பாய். "அங்க நாய் ஜாஸ்தி" என்று சொல்வேன். அங்கே நாய் எதுவும் இல்லை.

நேற்று உன்னோடு பேசிவிட்டு வைத்ததும் அப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் சிரித்தார். "பய ஓங்கறத பாரு, என்னாட்டமே" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு, கோணி, சிவப்புப் பிடி, தண்ணீர் வாளி, 'டக்' என்ற சத்தம். நான் பேசி முடிக்கிறவரை அவர் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப, அந்த மனுஷன் உண்மையத்தான் சொல்லிக்கினு இருந்தானா?" ஆமாம் என்றேன். "பதினோரு வருஷமா நான் அவன இன்னா பேச்சு பேசியிருக்கேன். தெரிமா உனக்கு?" என்றார். எழுந்து வெளியே போனார். அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. திரும்பி வந்து சாப்பிட்டார். என்னோடு பேசவில்லை.

இன்று காலை லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். உனக்கு ஒரு நல்ல கொடுவாள் வாங்க வேண்டும். அதை வேறு எங்கே வாங்குவது? தெரு முனையிலேயே கால் பின்னுக்கு இழுத்தது. பட்டறை பாதி வெல்டிங் கடையாக மாறியிருந்தது. வாசலில் ஜன்னல் கிரில்கள் சாத்தியிருந்தன. ஆசாரிக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. "இன்னா வேணும்மா?" என்றார். "மலைக் கொல்லை திருத்த ஒரு கொடுவா" என்றேன். "மலைக்காரங்களுக்கு நான் செய்யறதில்ல. மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்றவங்களுக்குத்தான் கத்தி அடிக்கிறேன். வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் சரண்யாவின் கழுத்து கண்முன்னால் வந்தது. "நான்தாங்க அது" என்றேன். "கால் வெட்டுப்பட்டவர் சம்சாரம். உங்ககிட்ட நான் கத்தி வாங்கவே இல்ல. பஸ் ஸ்டாண்டுல வாங்கினேன். பொய் சொல்லிட்டேன்."

அவர் உலையை ஊதுகிற மோட்டாரை நிறுத்தினார். உள்பக்கம் பார்த்து, "இந்தா, வெளிய வா. இந்தம்மா இன்னா சொல்லுதுன்னு கேளு" என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. "சொல்லுங்க. எனக்குச் சொன்னத இவளுக்கும் சொல்லுங்க" என்றார். மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தது. திரும்பி உள்ளே போய்விட்டது. ஆசாரி சொன்னார்: "ஊரு சொன்னதக்கூட வுட்டுட்டேம்மா. இவளே ஒரு நாளு என்ன கேட்டா. அவசரத்துல நீதான் செஞ்சி, மறந்துட்டியோன்னு. அன்னிக்கி எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. ரா முழுக்க யோசிச்சி பாத்தேன், எப்படா இப்டி ஒண்ணு செஞ்சோம்னு." நான் கும்பிட்டேன். மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அவர் கையை ஆட்டினார். "மன்னிப்ப வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உங்க வூட்டுக்காரரு மலையில எந்த எடத்துல நின்னு சொன்னாரோ, அந்த எடத்துல போயி நீங்க சொல்லுங்க. அது போதும்." சொல்கிறேன் என்றேன்.

அதற்கப்புறம்தான் மேலே இருந்த பெட்டியைத் திறந்து, கோணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு கொடுவாள்களை எடுத்தார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. "யாரு வெட்றது? ஒசரம் எவ்ளோ? இடக்கையா வலக்கையா?" என்று கேட்டார். உன் முழங்கையில் இருந்து விரல் நுனிக்குக் கொஞ்சம் குறைவாக இரும்பு இருந்தால் போதுமாம். நீளம் ஜாஸ்தியானால் மலைச் சரிவில் நுனி தரையில் தட்டித் திரும்பிக் காலுக்கு வரும். உண்ணிச்செடிக்கு நுனி மூக்கு வளைந்தது வேண்டும். புதரைக் கையால் வளைத்துப் பிடிக்கவே தேவையில்லை, மூக்காலேயே கொக்கிபோல் இழுத்து, கீழே வெட்டலாம். உன்னுடையது நேராக இருக்கிறது. அதனால்தான் சரண்யா பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதுகில் பல் வைத்தது எதற்கென்று கேட்டேன். "பாக்க நல்லா இருக்கும். செடியில மாட்டிக்கினா வெட்டி இழுக்கறவன் தடுமாறுவான்" என்றார்.

பிடியைத்தான் அதிக நேரம் காட்டினார். பெயின்டும் மெருகும் அடித்த பிடியை வாங்கவே கூடாது, விரிசல் தெரியாது. மரம் முற்றினதாக இருக்க வேண்டும். இரும்பின் வால் பிடி முழுக்க ஓடி, அடியில் வெளியே வந்து மடங்கியிருக்க வேண்டும். கழுத்தில் இரும்பு வளையம், பூண், போட்டிருக்க வேண்டும். பிடியின் கடைசி கொஞ்சம் தடித்திருந்தால் வேர்த்த கையில் இருந்து வழுக்காது. என் கையில் ஒன்றைக் கொடுத்து, முதுகை ஒரு கல்லில் தட்டச் சொன்னார். 'ணங்' என்று ஒரே சத்தமாக வந்தது. ஆடுகிற கத்தி இரண்டு சத்தம் போடும் என்றார். எனக்கு அது தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் புரிந்திருக்கும். பிறகு, "ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க" என்று கட்டையைக் காட்டினார். என்னால் முடியவில்லை. ஓங்கின கை மேலேயே நின்றுவிட்டது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவர் எழுந்து, வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டு, "இப்ப யாருமில்ல" என்றார். வெட்டினேன். கத்தி கட்டையில் இறங்கி நின்றது. பிடி பிடியாகவே இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கொடுவாளை பஸ்ஸில் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே கொண்டுவருகிறேன். அதுவரை நீ ஒரு புதரையும் தொடக் கூடாது. மழை வந்தாலும் வரட்டும். சாமை ஒரு வாரம் தள்ளி விதைத்தால் முளைக்கும். நல்ல கத்தி கைக்கு வந்தபிறகும் ஒருவர் வெட்டும்போது இன்னொருவர் அந்தப் புதர்ப் பக்கம் இருக்கவே கூடாது. வெட்டுகிறவர் கத்தியைத் தரையில் வைத்த பிறகுதான் மற்றவர் வந்து இழுக்க வேண்டும். நேரம் ஆகும்தான். ஆகட்டும். செருப்பு வேண்டாம், திருப்பூரில் போட்ட ஷூவைப் போடு. செடியைச் சாய்வாகச் சீவிவிட்டுப் போகாதே, அடிக்கட்டை ஈட்டி மாதிரி நின்று காலைக் குத்தும். வாய் மழுங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தீட்டு. மழுங்கின கத்தி செடியில் ஏறாமல் துள்ளும். காலையில் எடுக்கும்போது ஒரு தடவை, தண்ணீர் குடித்துவிட்டு எடுக்கும்போது ஒரு தடவை பிடியை ஆட்டிப் பார். துளி ஆடினாலும் வாளியில் ஊறப்போடாதே. அதை முதலில் சரண்யாவிடம் சொல். அவள் வெட்டும்போது ஆடினால் அவள் உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்கு உன்னிடம் பயம் இருக்கக் கூடாது. இதைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். அவள் வாங்கிவந்த பொருள் மட்டமாக இருந்தால் திட்டாதே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் சொல்ல முடிகிற மாதிரி நடந்துகொள். உன் அப்பா கெட்டவர் இல்லை. இரண்டு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கே நான் பயந்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கொடுவாளை அப்பா முன்னால் வைத்தேன். நேற்றிலிருந்து பேசாதவர் அதை எடுத்தார். பிடியை இரண்டு கையாலும் முறுக்கினார், இழுத்தார், காதருகே வைத்துத் தட்டினார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஆசாரி சொன்னதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "மலையில நீ சொல்லு. பட்டறைக்கு நான் போறேன். நான்தான கத்தினேன்" என்றார். இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கால் இழுத்து இழுத்து அவர் தெரு திரும்புவதை இங்கிருந்து பார்த்தேன். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எப்போது திரும்புவாரோ, என்னோடு பழையபடி பேசுவாரோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். சின்னையனிடம் சொல்லி, நம் ஊர் ஆட்களைக் கோயில் புளியமரத்தடிக்கு வரச் சொல். எதற்கு என்று கேட்டால், அம்மாவுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம் என்று மட்டும் சொல். எனக்குத் தெரிந்த முகங்கள்தான். பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு நான்தான் முதல் சோறு ஊட்டினேன். அவர்கள் முன்னால் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. சரண்யா முன்னால் நிற்பதை நினைத்தால் இன்னும் அதிகம். அவளுக்கு இதை இப்போதே முழுசாகப் படித்துக் காட்டிவிடு, அங்கே புதிதாகக் கேட்க வேண்டாம். நான் பேச ஆரம்பித்ததும் பாதியில் குரல் நின்றுபோகலாம். அப்போது நீ இரக்கப்பட்டு எனக்காகப் பேசிவிடாதே. பக்கத்தில் நின்றுகொண்டிரு, போதும். எவ்வளவு நேரம் ஆனாலும் நானே சொல்லி முடிக்கிறேன்.

உன் அம்மா